புதர்க்காட்டில் வாடகை ஆடுகள்: இதுவரை நடந்தது

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலம் ஆள் நுழைய முடியாத புதராகிப் பல வருடம் ஆகிறது. முள்செடி மேல் கொடி, அந்தக் கொடி மேல் இன்னொரு கொடி என்று ஏறி, எது செடி எது மரம் என்றே தெரியாது. பாதி இடம் சரிவு. புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே நிற்பது ஆபத்து. மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கினால் வேரோடு மேல்மண்ணும் போய்விடும், அடுத்த பெரிய மழையில் சரிவு கரைந்து இறங்கும். களைக்கொல்லி தெளிக்க எனக்கு மனமில்லை. அதனால் ஆடுகளை வாடகைக்கு எடுத்தேன்.

இது ஏற்கெனவே பலர் செய்து பார்த்த வேலைதான். கலிஃபோர்னியாவில் உள்ள கூகுள் வளாகத்தில், தீப்பிடிக்கக்கூடிய களையையும் புதரையும் குறைக்க 2009-ல் சுமார் 200 ஆடுகளை மேயவிட்டார்கள். 2013-ல் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் ஆடுகளோடு ஒட்டக இனத்து லாமாக்களும் கழுதைகளும் மேய்ந்தன. அங்கேயும் இயந்திரம் போக முடியாத சரிவுகள்தான் காரணம்.

நான் கேட்டது வெள்ளாடு. செம்மறி தலையைக் குனிந்து புல் மேயும். வெள்ளாட்டின் கண் முதலில் தழைக்குப் போகும், புல் அப்புறம்தான். அதன் மேலுதடு மிக நன்றாக வளைந்து அசையும், முள்ளுக்கு நடுவிலிருந்து ஒற்றை இலையைப் பிடித்து இழுத்துவிடும். மேல் முன்பற்களே அதற்குக் கிடையாது. கெட்டியான ஈறுதான் இருக்கிறது, கீழ்ப்பற்களால் அதில் அழுத்திப் பிடித்துப் பறிக்கும். இலைகளுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளைச் சமாளிக்கும் புரதங்கள் அதன் உமிழ்நீரில் உண்டு. மாடு திரும்பிப் பார்க்காத செடியையும் அது தின்று செரிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆட்டுக்காரம்மா ஆடுகளை ஏற்றுவதற்கு முன்னால் தனியாக வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். வாடகைக்கு விடுபவர் இதைச் செய்யாவிட்டால் அவரிடம் ஆடு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர் முதலில் தேடியது விஷச்செடிகளை. ஓரத்தில் அரளி நின்றது, உள்ளே உண்ணிச்செடி, ஒரு மூலையில் ஆமணக்கு. அரளி இதயத்தைத் தாக்கும், உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும், ஆமணக்கு விதை உயிரையே எடுக்கும். "வெட்டினா மட்டும் போதாதுங்க, வெட்டினதை வெளிய கொண்டுபோயிடணும். அரளி இலை காஞ்சாலும் விஷம்தான்" என்றார். வயிறு நிறைந்த ஆடு கண்டதையும் தின்னாது, பசித்த ஆடுதான் விஷத்தில் வாய் வைக்கும் என்றும் சொன்னார். அதனால் தழை தீர்ந்த இடத்தில் ஆடுகளை விட்டுவைக்கக் கூடாது.

அடுத்தது குப்பை. பழைய கம்பி, கண்ணாடித் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளாஸ்டிக் பை. பை உள்ளே போனால் முதல் இரைப்பையிலேயே தங்கி அடைத்துவிடும். கை எட்டும் வரை எடுத்தோம். புதருக்குள் இருப்பது வெளியே தெரியாது என்பதால், ஆடுகள் ஒவ்வொரு பகுதியைத் திறந்தபோதும் நான் பின்னாலேயே போய்ப் பொறுக்கினேன்.

வேலி போடுவதற்குத்தான் நிறைய உழைக்க வேண்டியிருந்தது. மின்சாரம் ஓடும் வலை வேலி, துடிப்பு துடிப்பாக அடிக்கும், தொட்டால் சுரீரென்று இருக்கும், காயம் வராது. ஆனால் வலையில் செடி பட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும், வேலிக்கு வலு இருக்காது. ஆகவே வேலி ஓடும் கோடு முழுக்க ஒரு பாதையைக் கையால் வெட்டியே ஆக வேண்டும். ஆடு வந்தால் வேலையே இல்லை என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்ற வேண்டிய மரங்களுக்கு அடியில் கம்பிவலை சுற்றினோம். தழை குறைந்ததும் ஆடு பட்டையை உரிக்கும், சுற்றிலும் பட்டை போன மரம் பிழைக்காது.

மொத்த நிலத்தையும் ஒரே வேலிக்குள் அடைக்கவில்லை, துண்டு துண்டாகப் பிரித்தோம். பெரிய இடத்தில் விட்டால் பிடித்த கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டே நடந்துவிடும். சின்ன இடம் என்றால் ஒன்றுக்கொன்று போட்டி, அப்போதுதான் பிடிக்காத செடியும் காலியாகும்.

ஆடுகள் இறங்கியதும் எதையும் ஒழுங்காகத் தின்னவில்லை. அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய் என்று ருசி பார்த்துத் திரிந்தன. வெயில் ஏறியபோது எல்லாம் படுத்து அசைபோட்டன. சாயங்காலம்தான் மும்முரம். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, என் தலைக்கு மேல் தொங்கிய கொடியை இழுத்துச் சரித்தன. ஒன்று கிளையில் முன்னங்காலை வைத்து வளைத்தால் மற்றவை ஓடிவந்து அதன் இலையைத் தின்னும். இதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. வேலையை விட்டுவிட்டு வேலியோரம் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு தூறல் விழுந்தால் போதும், அத்தனையும் கூரைக்கு ஓடும். அதனால் ஒதுங்க ஒரு மறைப்பும், தினமும் மாற்றிய தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு துண்டும் மேலிருந்து கீழாகத் திறந்தது. முதலில் வெளிச்சம் உள்ளே போனது, பிறகு தண்டுகள் தெரிந்தன, கடைசியில் தரை. ஆடாதொடையை மட்டும் அப்படியே விட்டுவிட்டன. புதருக்குள் ஒரு கல் வரப்பு இருந்ததும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடி மண்ணை அரித்திருக்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டன. இந்த அரிப்பைப் பார்த்தபின் சரிவில் இயந்திரம் இறக்காதது எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

தரையோடு தரையாகக் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும்போதே ஆட்டுக்காரம்மா அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுவார். இன்னும் இருக்கிறதே என்று கேட்டேன். குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்குமாம். உயரத்தில் மேயும் ஆட்டுக்குப் புழுத்தொல்லை குறைவு, மண்ணோடு ஒட்டி மேய்ந்தால் கூடும். நிலம் சுத்தமாக வேண்டும் என்ற என் ஆசையைவிட அந்தக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

முதல் சுற்று முடிந்து ஆடுகள் போனபின் நின்றவை இலையற்ற தண்டுகள். விரலைவிடத் தடித்த தண்டை ஆடு தின்பதில்லை. அவற்றைக் கைரம்பத்தால் நான் அறுத்தேன். முன்பு நெருங்கவே முடியாத இடத்தில் இப்போது நிமிர்ந்து நின்று, எங்கே அறுக்கிறோம் என்று பார்த்து வேலை செய்ய முடிந்தது.

சில வாரங்களில் எல்லாம் மறுபடி துளிர்த்தன. இதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. ஆடு இலையைத்தான் தின்கிறது, வேர் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. புதுத்துளிர் விட வேர் தன் சேமிப்பிலிருந்து மாவுச்சத்தைச் செலவு செய்கிறது. இலை விரிந்து வேருக்கு உணவு திருப்பி அனுப்பத் தொடங்கும் முன்பே அதையும் தின்றுவிட்டால் அந்தச் செலவு வீண். இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால்தான் வேர் ஓயும். ஒரே தடவை ஆடு விட்டுவிட்டு, பலனில்லை என்று சொல்வது நியாயமில்லை. என் வாடகைப் பேச்சிலேயே மறுசுற்றுகளையும் சேர்த்துத்தான் பேசியிருந்தேன். இரண்டாவது சுற்றில் வெறும் இளந்துளிர் என்பதால் அதே இடம் மிக வேகமாகக் காலியானது. கொடிகளின் மூன்றாவது துளிர் மெலிந்து வருகிறது. முள்செடியின் வேகம் இன்னும் குறையவில்லை.

விதை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மென்று அசைபோட்டுச் செரிப்பதில் நிறைய விதைகள் அழிந்துவிடும், ஆனால் எல்லாம் இல்லை. சீமைக்கருவேலம் போன்ற கெட்டி ஓட்டு விதைகள் புழுக்கையோடு முழுசாக வெளியே வந்து முளைக்கும். முன்பு எந்த நிலத்தில் மேய்ந்துவிட்டு வருகின்றன என்று கேளுங்கள். விதை முற்றிய களைக்காட்டிலிருந்து நேராக வருகிறதென்றால், வயிறு காலியாகச் சில நாள் வேறிடத்தில் வைத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் செடிகளும் காய் முற்றுவதற்கு முன்பே ஆடு இறங்குவது நல்லது.

சரிவின் மேல்பாதியில் துளிர் நன்றாக அடங்கியிருப்பதால், புழுக்கை உதிர்ந்த அந்த மண்ணைக் கிளறாமலே தரைமூடும் செடிகளை நட ஆரம்பித்திருக்கிறேன். கீழ்ப்பாதிக்கு அடுத்த சுற்று உண்டு. துளிர் முழங்கால் உயரம் வந்ததும் சொல்லியனுப்புமாறு ஆட்டுக்காரம்மா கேட்டிருக்கிறார். அதற்குள் வேலிக்கோட்டில் மறுபடி வளர்ந்ததை வெட்டி வைக்க வேண்டும்.