கோட்டின் உள்துணியில்

இன்று தையற்கடையில் என் பழைய கோட்டின் கிழிந்த உள்துணியைப் பிரித்தார் தையற்காரர். உள்ளே மடிந்து கிடந்தது ஒரு ரயில் டிக்கெட். "இதுவும் உங்களுதுதான் சார்" என்று எடுத்துக் கொடுத்தார்.

சட்டென்று டேவிட் வாக்கர் ஞாபகம் வந்துவிட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய துணிக்கடை வைத்திருந்த கறுப்பினத்தவர். 1829இல் அடிமைமுறைக்கு எதிராக 'அப்பீல்' என்ற சிறுநூலைத் தானே வெளியிட்டார். சரி, அடிமைமுறை இருந்த தென் மாநிலங்களுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? மாலுமிகளிடம் கொடுத்தனுப்பினார், கடைக்கு வருகிறவர்களின் கோட்டு உள்துணிக்குள் வைத்துத் தைத்தும் அனுப்பினார் என்கிறார்கள்.

தென் மாநிலமான ஜார்ஜியா மிரண்டுபோனது. கறுப்பின மாலுமிகள் வரும் கப்பல்களைத் தனிமைப்படுத்தவும், அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் தண்டிக்கவும் அவசரமாகச் சட்டம் போட்டார்கள். ஒரு சின்னப் புத்தகத்துக்கு இவ்வளவு பயம்!

மறு வருடமே வாக்கர் இறந்துவிட்டார்.

அமெரிக்க இலக்கியம் என்றதும் நாம் எமர்சன், தோரோ என்று தொடங்குகிறோம். எமர்சனின் முதல் புத்தகம் வர இன்னும் 7 வருடம் இருந்தபோது எழுதியவர் இவர், இவரை யாரும் சொல்வதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

படிக்கத் தெரியாதவர்கள் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று அந்த நூலிலேயே எழுதியிருக்கிறார்.

ஏதோ ஒரு குடிசையில், ராத்திரி, தையலைப் பிரித்து, தாழ்ந்த குரலில் யாரோ வாசித்திருப்பார்கள்.