ஆமணக்குக் காம்பில் எறும்புக்கு என்ன வேலை?

அந்த ஆமணக்கு தானாக முளைத்தது. ஆள் உயரம் வந்ததும் எறும்புகள் சாரை சாரையாக ஏற ஆரம்பித்தன. எறும்பு ஏறினால் மேலே செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருக்கும், அது கழிக்கும் இனிப்பு நீருக்குத்தான் எறும்பு வரும் என்பது என் கணக்கு. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? தண்டைச் சுற்றி கிரீஸ் தடவிவிட்டேன்.

பத்தே நாளில் காவடிப்புழு இலைகளைச் சல்லடையாக்கிவிட்டது. எறும்பைத் தடுத்ததால்தான் வந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஒற்றைச் செடியை வைத்து என்ன சொல்ல முடியும்? ஆனால் அப்புறம்தான் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் எடுத்தேன்.

காம்பு இலையோடு சேரும் இடத்தில் சட்டைப் பொத்தான் போல இரண்டு குமிழ்கள். மேலே பளபளவென்று ஒரு துளி. தொட்டால் பிசுபிசுப்பு. தேன்! இத்தனைக்கும் ஆமணக்குப் பூவுக்கு இதழே கிடையாது, மகரந்தத்தைப் பெரும்பாலும் காற்றுதான் கொண்டுபோகிறது. பூவில் வைக்காத விருந்தைக் காம்பில் வைத்திருக்கிறது இந்தச் செடி.

இது காவலுக்குத் தரும் கூலி. தேனுக்கு வரும் எறும்பு, வழியில் அகப்படும் முட்டையையும் குட்டிப் புழுவையும் தூக்கிப் போய்விடும். எறும்பு மட்டுமல்ல, ஒட்டுண்ணிக் குளவிகளும் வரும். அவற்றின் வாய் குட்டை; ஆழமான பூவில் தேன் எட்டாது, இங்கே திறந்த கிண்ணம். குடித்துத் தெம்பான குளவி புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும்கூட வந்து குடிக்கும். இலையைப் புழு கடித்தால் தேனைக் கூட்டிச் சுரக்கும் செடிகளும் உண்டு.

பருத்தியிலும் பூவரசிலும் இந்தத் தேன் சுரப்பி இலையின் அடி நரம்பில் இருக்கும். கிட்டத்தட்ட 4000 தாவர இனங்களில் கண்டிருக்கிறார்கள். பூவே பூக்காத சில பெரணிகளில்கூட உண்டு என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நான் அரைகுறையாகச் செய்ததை டேனியல் ஜான்ஸன் (Janzen) என்ற சூழலியலாளர் மெக்சிகோவில் ஒழுங்காகச் செய்து 1966-இல் எழுதினார். மாட்டுக்கொம்பு போன்ற முள் கொண்ட ஒரு வேல மரத்திலிருந்து எறும்புகளை அகற்றினார்; அகற்றிய மரங்களைப் பூச்சிகள் தின்று தீர்த்தன, எறும்பு இருந்தவை தழைத்தன.

கிரீஸை வழித்து எடுத்துவிட்டேன். மறுநாளே எறும்புகள் காம்பில். ஆனால் பக்கத்துத் தட்டைப்பயறில் கதை வேறு: பூக்காம்பில் செடியே தேன் வைத்தும், அதே எறும்புகள் அசுவினிக்குக் காவல் நிற்கின்றன. அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டை விரட்டியதையும் பார்த்தேன். அந்தச் செடிக்கு மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.