நாலாம் நாள் சூரியன்

ஞாயிறு பள்ளியில் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், சூரியனைக் கடவுள் நாலாம் நாள்தானே படைச்சார்? அப்போ முதல் மூணு நாளும் எப்படி விடிஞ்சது?" இந்தக் கேள்வியை அடக்கவே கூடாது என்பது என் கட்சி. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் இதைக் கேட்டிருக்கிறார். அவர் நாத்திகர் அல்ல, பெரிய கிறிஸ்தவ வேத அறிஞர்.

முதல் அதிகாரத்தில் செடிகள், விலங்குகள், கடைசியில் மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில். தோட்டமும் விலங்குகளும் பிறகு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நடந்த வரிசையைப் பதிவு செய்வது அவர்கள் நோக்கமில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். 1650-இல் அயர்லாந்துப் பேராயர் அஷர், வம்ச வரலாறுகளையெல்லாம் கூட்டிக் கழித்து, உலகம் கி.மு. 4004-இல் உண்டானது என்று கணக்கிட்டார். பெரிய உழைப்புதான். ஆனால் அந்தப் பக்கங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

பாபிலோனியரின் படைப்புக் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோற்றுப்போன தெய்வம் ஒன்றைக் கொன்று அதன் இரத்தத்தில் மனிதனை உண்டாக்குகிறார்கள், எதற்கு? தெய்வங்களின் வேலையைச் சுமக்க! ஆதியாகமத்திலோ ஆணும் பெண்ணும் தேவசாயல். அரசர்களைத்தான் தெய்வத்தின் சாயல் என்று சொல்லிக்கொண்டிருந்த உலகத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

இப்படி வாசித்தால் விசுவாசம் கரைந்துவிடும் என்று எங்கள் சபையில் சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. நாள் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பக்கத்து பெஞ்சில் இருப்பவளும் தேவசாயல்தான் என்பதையே பிள்ளைகளோடு நிறைய நேரம் பேசுகிறேன்.