எடுக்காத வண்டி: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 8

எங்கள் பழைய டீசல் வண்டி எடுக்கவில்லை. செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 9

இன்றும் அதே. பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். ராத்திரி முழுக்க சார்ஜில் இருந்ததால் காலையில் மீட்டரில் 12.6 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 10.5-இல் நிற்கிறது. 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகப்படணும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். 0.2 வோல்ட்தான் காட்டியது, பேட்டரி மைனஸை இஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரிலும் குறை இல்லை. பழைய வண்டி என்றால் இந்த எர்த் வயரைப் பார்க்காமல் வேறு எதையும் கழற்றக் கூடாது.

டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் எண்ணெய் தீப்பிடிக்கணும். மெதுவாகச் சுற்றினால் சூடெல்லாம் சிலிண்டர் சுவரோடு போய்விடும். அதனால்தான் சுற்றும் வேகத்தை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

மீட்டரை மடக்கி வைப்பதற்குள் உள்ளிருந்து அப்பாவின் குரல். "சுத்துறதுல குறையில்லடா. எண்ணெய் வரல." கட்டிலில் படுத்தபடியே, ஜன்னல் வழியாக வந்த சத்தத்தை வைத்துச் சொல்கிறார்.

ஜனவரி 10

அக்கா போன் செய்தாள். 24-ம் தேதி அப்பாவைக் கூட்டிப்போக வாடகைக் கார் சொல்லிவிடலாமே என்றாள். அப்பாவிடம் கேட்டேன். "நம்ம வண்டி இருக்குல்ல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஜனவரி 11

அம்மாவை சைலன்சர் பக்கம் நிற்க வைத்துவிட்டு சாவியைத் திருப்பினேன். ஒரு தடவைக்குப் பத்து நொடி, அப்புறம் செல்ஃப் ஆற விட்டு மறுபடி. "ஒண்ணுமே வரலப்பா" என்றாள்.

இதுதான் எனக்குத் தேவையான பதில். வெள்ளைப் புகை வந்திருந்தால் எண்ணெய் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், காற்றை நெருக்கும் கம்ப்ரஷன், எண்ணெய் பீய்ச்சும் நேரமான டைமிங் என்று அந்தப் பக்கம் போயிருப்பேன். புகையே இல்லையென்றால் எண்ணெய் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. அப்பா சொன்னதேதான்.

டீசல் பம்பின் தலையில் இருக்கும் கட்-ஆஃப் சோலனாய்டைப் பார்த்தேன், எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு அது. சாவி ஆன் செய்தால் 12 வோல்ட் வருகிறது. வயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் ஒவ்வொரு தொடலுக்கும் 'டிக்' என்று திறக்கிறது. அதன் மேல் பழி இல்லை. சிலிண்டருக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, கையை நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னேன். அந்த இடத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அதில் விளையாடக் கூடாது. ஆனால் நட்டில் ஈரம்கூட வரவில்லை.

ஜனவரி 12

எடுத்துவிட்டது!

ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்ப் அழுத்த அழுத்த மெத்தென்று இறங்கிக்கொண்டே இருந்தது. ஏர் எடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி விடாமல் அடித்தேன். முதலில் வெறும் காற்று, அப்புறம் நுரை, அப்புறம் சுத்தமான எண்ணெய். ஸ்க்ரூவை முடுக்கியதும் கைப்பம்ப் கல் மாதிரி இறுகிவிட்டது. சாவியைத் திருப்பினால் முதலில் இரண்டு சிலிண்டர், கொஞ்சம் தள்ளாட்டம், பிறகு நாலும் பிடித்தது. அரை மணி நேரம் ஓட விட்டேன். ஆஃப் செய்து போட்டாலும் உடனே எடுக்கிறது.

அப்பா சிரித்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 13

எடுக்கவில்லை. கைப்பம்ப் மறுபடி மெத்தென்று.

ஜனவரி 14

ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "பம்ப் போச்சு, இறக்கிடலாம்" என்றார். வயிறு எரிகிறது. நேற்று முன்தினம் அரை மணி நேரம் ஓடிய பம்ப் எப்படிப் போகும்? போன பம்ப் காலையில் மட்டும் போயிருக்குமா? பம்பை இறக்கினால் மறுபடி டைமிங் வைக்கணும், 24-ம் தேதி கண்ணெதிரில் நிற்கிறது. கேட்டதற்கு "பழைய வண்டி, அப்படித்தான்" என்றார். பழசு என்பது ஒரு காரணமா? பழைய வண்டிக்கும் காரணம் என்று ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற பொறுமை வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 15

அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை. வண்டிப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 16

பம்ப் நல்லதா கெட்டதா என்று வாதாட வேண்டியதில்லை, கேட்டுவிடலாம். சுத்தமான டீசல் கேன் ஒன்றை பம்பை விட உயரத்தில், சாயாதபடி கட்டி வைத்தேன். டேங்க், ஃபில்டர் எதையும் நம்பாமல் கேனிலிருந்து நேராக பம்புக்கு ஒரு ஹோஸ். ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்து, ஆஃப் செய்து அப்படியே விட்டுவிட்டேன். இனி காலைதான் சொல்லணும்.

ஜனவரி 17

முதல் திருப்பிலேயே எடுத்தது. பம்ப் நல்ல பம்ப்.

உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. இந்த வண்டியில் டேங்கிலிருந்து எண்ணெயைத் தள்ளிவிட வேறு பம்ப் கிடையாது. டீசல் பம்பே உறிஞ்சி இழுக்கணும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறாத மாதிரி. ராத்திரி வண்டி சும்மா நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய, குழாயில் இருக்கும் எண்ணெய் முழுக்க டேங்குக்கே இறங்கிவிடுகிறது. சூடாக இருக்கும்போது எடுப்பதும் காலையில் எடுக்காததும் இதனால்தான். கீழே ஒரு சொட்டுக்கூட இல்லையே என்று இத்தனை நாள் எல்லோரும் சொன்னதும் இதனால்தான்.

மறுபடி டேங்கோடு இணைத்து, ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் தெளிவான ஹோஸ் போட்டேன். இஞ்சின் ஓடும்போது அதில் மணி மணியாகக் குமிழ்கள், நிற்காமல். ஃபில்டருக்கு வரும்போதே காற்றோடுதான் வருகிறது. அப்படியென்றால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். அப்பாவுக்குப் போனில் வீடியோ எடுத்துக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

ஜனவரி 18

கிடைத்தது. டேங்க் பக்கம் குழாயை அடைத்துவிட்டு, ஃபில்டர் பக்கமிருந்து சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றுக் கொடுத்து, வழி நெடுக சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே போனேன். சேஸிஸ் மேல் ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயில் ஏறும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், நுரை மெல்லப் பொங்கியது. கிளிப்பைக் கழற்றி ஹோஸை மடக்கினால் நகக்கண் அளவுக்கு வெடிப்பு. நேராக விட்டால் கண்ணுக்கே தெரியாது. ரப்பர் மரக்கட்டையாக இறுகிப்போயிருந்தது. அந்த நீளம் முழுக்க மாற்றிவிட்டேன்.

வெட்டி எடுத்த துண்டை அப்பா கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்து, "இந்த ஹோஸ் நான் மாட்டினதுடா" என்றார்.

ஜனவரி 19

எடுத்தது. ராத்திரி பூராவும் நின்ற வண்டி, கைப்பம்பைத் தொடாமலே.

ஜனவரி 20

எடுக்கிறது, ஆனால் முதல் ஒரு நிமிஷம் உதறுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது. சூடானதும் சரியாகிவிடுகிறது. இப்போது புகை வருவதால் கேள்வி வேறு: எண்ணெய் போகிறது, ஒரு சிலிண்டரில் எரியவில்லை. ஹீட்டர் பிளக்குகளை ஒன்றாக இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் தனித்தனியாக அளக்க முடியும், இல்லையென்றால் நல்லது கெட்டதை மறைத்துவிடும். மூன்று பிளக் ஒரு ஓம் பக்கத்தில் காட்டின. இரண்டாவது சிலிண்டரில் மீட்டர் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

"அந்த உதறலோட என்னை உட்கார வைக்காதே" என்றார் அப்பா. உட்கார வைப்பது பற்றி அவராகவே பேசியது இன்றைக்குத்தான்.

ஜனவரி 21

புது பிளக் கையில் இருக்கிறது. பழையது வர மாட்டேன் என்கிறது. முறுக்கினால் ஸ்பேனர் லேசாக வளைந்து கொடுக்கிற உணர்வு, அதற்கு மேல் தைரியம் வரவில்லை. ஹெட்டுக்குள் உடைந்தால் ஹெட்டையே இறக்கணும், 24-க்குள் அது ஆகாது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விட்டிருக்கிறேன். மதியம் இஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, சூட்டோடு முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்கணும்.