கிளப் பெயரை வெட்டும் முன்

விளையாட்டுப் பக்கத்தில் புள்ளிப் பட்டியல் போடும்போது முதலில் இடிப்பது பெயரின் நீளம். கொல்கத்தா கால்பந்து கிளப்பான ‘மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்’டின் பெயர் ஒற்றைப் பத்தி அகலத்தில் அடங்காது. அவசரத்தில் முன்பாதியை வெட்டி ‘சூப்பர் ஜயன்ட்’ என்று விட்டால் வாசகருக்கு லக்னோவின் கிரிக்கெட் அணிதான் நினைவுக்கு வரும். இரண்டையும் நடத்துவது ஒரே குழுமம். வெட்ட வேண்டியது பின்பாதியை. 1889 முதல் நிலைத்திருப்பது ‘மோகன் பகான்’ என்ற இரண்டு சொல்தான்.

வங்காளியில் பகான் என்றால் தோட்டம். வட கொல்கத்தாவில் கீர்த்தி மித்ராவுக்குச் சொந்தமான மாளிகை ‘மோகன் பகான் வில்லா’. கிளப்பின் தொடக்க கால ஆட்டங்கள் அந்த வளாகத்தில் நடந்தன, பெயரும் அங்கிருந்தே வந்தது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. இடம் கொடுத்தவர் ஒருவர், தலைமை ஏற்றவர் வேறொருவர். செய்தியில் ‘நிறுவனர்’ என்று ஒரே பெயரைப் போடும் பழக்கம் இங்கேதான் தவறிவிடுகிறது. யார் என்ன பொறுப்பு வகித்தார் என்று எழுதிவிடுவது நல்லது.

முதலில் வைத்த பெயர் மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப். ஆங்கிலத்தில் ‘ஸ்போர்ட்டிங்’ என்பது வேட்டை, மீன்பிடிப்பையும் குறிக்கும். அதனால் துப்பாக்கி சுடுதல், தூண்டில் போடுதல் போன்றவை இங்கே உண்டா என்று முதலாண்டு விழாவுக்கு வந்த பேராசிரியர் ரோ கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் ‘அத்லெடிக் கிளப்’ என்பதே பொருந்தும் என்றார். அப்படியே மாற்றினார்கள். ஒரு சொல்லுக்கு அவ்வளவு கவனம் கொடுத்தவர்கள் வளர்த்த அணிதான் 1911 ஜூலை 29 அன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் ஐஎஃப்ஏ கேடயத்தை எடுத்தது. பதினொருவரில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். இந்த வெற்றியைப் பற்றி எழுதும்போது இன்றைய முழுப்பெயரைப் போடக் கூடாது. அந்த ஆண்டில் என்ன பெயரோ அதுதான் வர வேண்டும்.

மோகன் பகானின் பரம எதிரணியான ஈஸ்ட் பெங்காலின் கதை வேறு. 1920 ஜூலை 28 அன்று ஜோராபகான் என்ற இன்னொரு கொல்கத்தா அணி மோகன் பகானை எதிர்கொண்டது. ஜோராபகானின் ஆடும் பதினொருவரில் சைலேஷ் போஸ் இல்லை. அவரைச் சேர்க்கச் சொன்னார் ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி, யாரும் கேட்கவில்லை. அவர் வெளியேறினார். சைலேஷ் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று அந்தப் பகுதியினர் கருதினார்கள். ஆகஸ்ட் 1 அன்று, நான்கே நாளில், புதிய கிளப் பிறந்தது. எந்த ஊரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அந்த ஊரையே பெயராக வைத்தார்கள். என் கணக்கில் இந்தியக் கால்பந்தில் இதைவிடத் துணிச்சலான பெயர் இல்லை. 1947க்குப் பிறகு எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கானோருக்கு, விட்டு வந்த மண்ணின் பெயர் வாரந்தோறும் மைதானத்தில் ஒலித்தது. ஆகவே இதை ‘கிழக்கு வங்க அணி’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. அப்படி எழுதினால் வங்கதேசத்திலிருந்து வந்த அணி என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.

பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வங்காளியில் ஒரே குடும்பப் பெயர்தான் ஆங்கில வழியில் ‘போஸ்’ என்றும் ‘பாசு’ என்றும் நம்மிடம் வருகிறது. மோகன் பகானின் தலைவர் போஸ், முதல் செயலாளர் ஜதீந்திரநாத் பாசு. எழுத்து வேறானதால் வேறு குலம் என்றோ, எழுத்து ஒன்றானதால் உறவினர் என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. இன்னொன்று, மோகன் பகான் தொடங்கிய நாள் ஆகஸ்ட் 15. ஆண்டைச் சேர்க்காமல் விட்டால் மெய்ப்புப் பார்ப்பவர் சுதந்திர தினத்தோடு குழம்பிப்போவார்.

விளம்பரதாரர் பெயர் ஒட்டுவது புதிதல்ல. 1998இலேயே மெக்டவல் மோகன் பகான், கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் என்று வந்துவிட்டன. அப்போது பின்னால் இருந்த பெயருக்குச் சேதமில்லை. 2020இல் ‘ஏடிகே மோகன் பகான்’ ஆனபோதுதான் ரசிகர்கள் கொதித்தார்கள். ஏடிகே விளம்பரப் பலகையல்ல, மோகன் பகானோடு இணைக்கப்பட்ட இன்னொரு கொல்கத்தா அணி. மூன்று ஆண்டு முழக்கத்துக்குப் பிறகு, 2023இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற இரவில் அந்த மூன்றெழுத்தை எடுப்பதாக அறிவித்தார்கள். ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோப்பைப் பட்டியலில் 2022-23 வரிசைக்கு நேரே ‘ஏடிகே மோகன் பகான்’ என்றே இருக்க வேண்டும். அதற்குப் பிந்தைய வெற்றிகளுக்குத்தான் புதுப் பெயர்.