அட்டையில் ஒரு மாடலர்

நேத்து ராத்திரியிலிருந்து எங்க வீட்டு ஹாலைத் தாண்டணும்னா என்கிட்ட அனுமதி வாங்கணும். நடு ஹாலில் என் கனவு கிட்டார் மாடலர் கிடக்கு. நிஜமானது இல்லை, பார்சல் வந்த பெட்டியை வெட்டி ஒட்டினது. மாடலர்னா, கிட்டார் சத்தத்தைப் பெருக்குற பழைய டியூப் ஆம்ப் எப்படி ஒலிக்குமோ அதை ஒரு சிப்பை வச்சு நகல் பண்ற மெஷின். காலால் மிதிக்கிற ஃபுட்ஸ்விட்சுக்குத் தண்ணி பாட்டில் மூடிகள். ஸ்க்ரீனுக்குச் சின்னவளோட நோட்டின் பின்னட்டை. அதில் ஏழாம் வாய்ப்பாடு அச்சடிச்சிருக்கு, அதனால இப்போதைக்கு உலகத்திலேயே வாய்ப்பாடு காட்டுற ஒரே கிட்டார் ப்ராசஸர் இதுதான். காலையில் அம்மா கவனிக்காமல் மேலே ஏறி நடந்ததில், டிலே, அதாவது எதிரொலி ஸ்விட்ச் அவங்க குதிகாலில் ஒட்டிக்கிட்டு சமையலறை வரைக்கும் போயிட்டு வந்தது.

"ஏங்க, இருக்கிற மெஷினுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் இவள்.

சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சத்தம் பிரமாதம். கண்ணைக் கட்டிட்டு எது டியூப் ஆம்ப், எது சிப்புன்னு கேட்டால் எனக்கே சந்தேகம் வரும். குறையெல்லாம் உடம்பில்தான், அதோட உடம்பிலும் என் உடம்பிலும். பாட்டு நடுவுல ரிவர்ப், அதான் பெரிய மண்டபத்துல வாசிக்கிற மாதிரி வர்ற முழக்கம், கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு குறைக்கப் போனால், முதல்ல குனியணும். கிட்டார் முன்னால் சரிஞ்சு மைக் ஸ்டாண்டை முட்டும். தரையில் இருக்கிற ஸ்க்ரீன்ல விளக்கு வெளிச்சம் பட்டு என் மூக்குதான் தெரியும். சரியான பக்கத்தைத் தேடிப் பிடிச்சு நிமிரும்போது பாட்டு முடிஞ்சு எல்லாரும் கை தட்டிட்டிருப்பாங்க. இடுப்பு மட்டும் அடுத்த பாட்டுக்கும் நிமிராது.

டியூப் ஆம்ப் பெட்டி மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் உண்டு. உள்ளே கண்ணாடி டியூப் சூடாகும், காத்து வேணும். டிரான்ஸ்ஃபார்மர் கனக்கும். 12 இஞ்ச் ஸ்பீக்கர் வச்சா அதுக்கேத்த பலகை வேணும். மாடலருக்குள்ளே இருக்கிறது சிப்பு. நீ எந்த வடிவத்தில் வச்சாலும் அது ஏன்னு கேட்காது. 1998-ல் லைன் 6 கம்பெனி பாட் என்று ஒரு மாடலர் விட்டது, சிவப்பா, அவரை விதை கணக்கா மேஜை மேல உட்கார்ந்திருக்கும். அப்புறம் வந்த கெம்ப்பர்ங்கிற மெஷினுக்கு ஜனங்களே டோஸ்டர்னு செல்லப்பேர் வச்சுட்டாங்க. கிண்டல்தான், ஆனா அந்த ரெண்டையும் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிடலாம். அதுக்கப்புறம் பாருங்க, முக்கால்வாசி இரும்புப் பலகை. கீழே ஒரு வரிசை ஸ்விட்ச், மேலே ஒரு வரிசை ஸ்விட்ச், நடுவுல ஸ்க்ரீன். ஸ்க்ரீனைப் போட்டா உள்ளே 1960களின் ஆம்ப் படம், அதுக்குக் குமிழ் படம். ஆயிரம் வித்தை தெரிஞ்ச சிப்பை வச்சுக்கிட்டு தாத்தா வீட்டு ஃபோட்டோவை மாட்டி வச்ச மாதிரி.

நல்லதையும் சொல்லணும். 2015-ல் வந்த ஹீலிக்ஸ்ங்கிற மாடலரில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மேலே குட்டி ஸ்க்ரீன், இந்த ஸ்விட்ச் என்ன செய்யும்னு பேரோட காட்டும். அதுக்கு முன்னாடி என் போர்டு பூரா வெள்ளை டேப். அதில் பேனாவால் 'சோலோ'ன்னு எழுதுவேன். வியர்வை பட்டு ஒரு மாசத்துல 'சோ' மட்டும் நிக்கும்.

என் டிசைன் ரெண்டு துண்டு. மூளையும் ஸ்க்ரீனும் மைக் ஸ்டாண்டில், நெஞ்சு உயரத்தில். தரையில் வெறும் ஸ்விட்ச். அதுவும் நேர்வரிசையில் இல்லை, விசிறி மாதிரி வளைவா. நின்னுக்கிட்டு குதிகாலை ஊன்றி பாதத்தைத் திருப்பிப் பாருங்க, வளைவாத்தானே போகுது? அப்புறம் எதுக்கு அத்தனை ஸ்விட்சும் ரேஷன் க்யூ மாதிரி நிக்கணும்?

இந்தக் கேள்வியைக் கேட்டுட்டு நான் பெருமையா நிமிரும்போது மச்சான் வந்தான். அவன் டியூப் கட்சி. அவனோட ஆம்பை மாடி ஏத்த ரெண்டு ஆள் வேணும், அதில் ஒரு ஆள் எப்பவும் நான். அட்டையைச் சுத்தி வந்து பார்த்தான்.

"மாமா, இதுல லேட்டன்ஸி எவ்ளோ?"

"அட்டைடா இது."

"அதான், அதுலயே லேட்டாகும் போல."

விட்டேனா? லேட்டன்ஸின்னா தந்தியைத் தட்டினதுக்கும் சத்தம் காதுக்கு வர்றதுக்கும் நடுவுல ஆகுற நேரம். சத்தம் காத்துல ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும். நல்ல மாடலர் எடுத்துக்கிறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இவன் ஆம்பை அறைக்கு அந்தக் கோடியில் வச்சுட்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு வாசிக்கிறான். அது 9 மில்லிசெகண்ட். அதை 'ஃபீல்'னு சொல்லுவான். நான் ஹெட்போனில் 3 வாங்கினா அது லேட்டாம். இதைப் பேப்பரில் கணக்குப் போட்டே காட்டினேன். அவன் பேப்பரைப் பார்க்காம டிலே ஸ்விட்சைக் கட்டை விரலால் அழுத்தி, "இது சூப்பரா இருக்கு மாமா"ன்னான். அட்டைக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு.

இந்த அமளியில் அம்மா உள்ளே போய் பெரிய டப்பா மூடி ஒண்ணைக் கொண்டுவந்து நடுவுல வச்சாங்க.

"என்னம்மா இது?"

"சத்தம் குறைக்கிற திருகு. எல்லாம் வச்ச, அதை வைக்கலையே."

"அது பின்பக்கம் ஓரமா இருக்கும்மா."

"பின்னாடி யாருடா போய்ப் பார்ப்பா?"

இதுக்கு எனக்கு மட்டுமில்ல, எந்தக் கம்பெனி இன்ஜினியருக்கும் பதில் தெரியாது. ஒட்டலாம்னு பசையை எடுத்தேன், தடுத்துட்டாங்க. ஒட்டக்கூடாதாம். கழட்டி எடுத்துட்டுப் போய் அவங்க ரூம்ல, கட்டில் பக்கத்துல வச்சுப்பாங்களாம். மச்சான் சோஃபாவில் விழுந்து சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை, ஏன்னா யோசிச்சா அது நல்ல ஐடியா. ப்ளூடூத்தில் கிட்டார் சத்தத்தையே அனுப்பினா வாசிக்க முடியாத அளவுக்குப் பிந்தும். வால்யூம் எவ்வளவுன்னு ஒரு எண்ணை அனுப்ப, அரை செகண்ட் பிந்தினாலும் யாருக்கென்ன? இத்தனை வருஷமா எல்லாக் குமிழும் வாசிக்கிறவனுக்கே. கேட்டுத் தொலைக்கிறவங்களுக்கு ஒண்ணு கூட இல்லை.

அம்மா பேனா வாங்கி மூடி ஓரத்துல ஒரு கோடு போட்டாங்க. "இதுக்குக் கீழே இது திரும்பக் கூடாது."

"ஏன், முழுசா மூட வேண்டாமா?"

"முழுசா மூடிட்டா நீ வாசிக்கிறியா, போனை நோண்டிக்கிட்டு விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு மாதிரி."

அன்னைக்குன்னா எந்த அன்னைக்குன்னு எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் ஒண்ணும் சொல்லலை. மூடி இப்ப அவங்க ரூம்லதான் இருக்கு.

இவள் வந்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதே மாதிரி இன்னொண்ணு பண்ண முடியுமான்னு கேட்டாள். அத்தையோட டிவிக்காம். அதில் கோடு எதுவும் வேண்டாமாம்.