தேயாத வால்

சியாட்டிலின் மேற்குப் பகுதியில் லாங்ஃபெல்லோ என்று ஓர் ஓடை. வீடுகளுக்கு நடுவே ஓடி, கடைசியில் குழாய்க்குள் புகுந்து டுவாமிஷ் ஆற்றில் கலக்கிறது. அங்கே சால்மன் கணக்கெடுக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன்.

முதல் நாளே மூத்தவர் ஒருவர் கத்தியைக் கையில் கொடுத்தார். செத்த மீன் கிடைத்தால் நீளம் அளக்க வேண்டும். பெண் மீனென்றால் வயிற்றைக் கீறி முட்டை மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வாலை வெட்டிவிட வேண்டும், அடுத்த வாரம் அதே மீனை யாரும் மறுபடி எண்ணிவிடாமல் இருக்க.

நான் கீறிய முதல் கோஹோ வகை சால்மனின் வயிறு நிறைய முட்டை. மிளகைவிடச் சற்றே பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில், ஒன்று குறையாமல் இருந்தது. "வாலைப் பாருங்கள்" என்றார் மூத்தவர். பெண் மீன் வாலால்தான் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். பறித்துப் பறித்து வால் தேய்ந்து வெளுத்துப்போகும்; முட்டையிட்டு முடித்த பிறகுதான் இயல்பாகச் சாகும். இதன் வாலில் ஒரு கீறல்கூட இல்லை. கடலில் வளர்ந்து, பிறந்த தண்ணீரைத் தேடி வந்து, ஒரு குழிகூடப் பறிக்காமல் செத்திருக்கிறது.

இத்தனைக்கும் அந்த ஓடையைச் சீர்படுத்தியிருந்தார்கள். மரக்கட்டைகள், சரளை, கரையோர மரங்கள் எல்லாம் இருந்தன. மீன்கள் வரவும் செய்தன. ஆனால் மழை பெய்தால் சாகும். சில வருடங்களில் வந்த பெண் கோஹோக்களில் பாதிக்கும் மேல் இப்படித்தான் போயின. ஒருமுறை உயிரோடு ஒன்றைப் பார்த்தேன். வாயை நீருக்கு மேலே பிளந்தபடி, ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமடித்துக்கொண்டிருந்தது. நீரோட்டத்துக்கு எதிராக நிமிர்த்திப் பிடித்தேன். கையை எடுத்ததும் சாய்ந்துவிட்டது.

காரணம் 2020 டிசம்பரில் தெரிந்தது. வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் பல வருடம் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஓசோன் தாக்கி டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் 6பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. தேய்ந்த டயர்த் துகளிலிருந்து மழைநீரில் இறங்கி ஓடைக்கு வருகிறது. அதே சாலைத் தண்ணீரில் சம் வகை சால்மன் பிழைத்துக்கொள்ளும்; கோஹோ சில மணி நேரத்தில் செத்துவிடும்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. வாரா வாரம் அந்த ஓடைக்கு நானும் காரில்தான் போனேன்.

சாலைத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த படுகை வழியாக வடிகட்டினால் கோஹோ பிழைக்கிறது என்று 2015-லேயே சோதித்துக் காட்டியிருந்தார்கள். எனக்கு அதிகாரம் இருந்தால் ஓடைக்குள் ஒரு கட்டையைப் போடும் முன் மேலே வடிகால் வாயில் இந்தப் படுகையைத்தான் வெட்டுவேன். சரளை வீண் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் மீன் எங்கே முட்டையிடும்? ஆனால் முட்டையிடும் வரை அது உயிரோடிருக்க வேண்டுமே. ஒவ்வொரு சாலைக்கும் படுகை வெட்டி முடியாது என்பதும் உண்மை. டயருக்குள் போகும் பொருளே மாறியாக வேண்டும்.

நான் அங்கே கடைசியாகக் கீறிய மீனின் வால் பாதி தேய்ந்து, முள் வெளியே தெரிந்தது. வயிற்றில் நாலைந்து முட்டைகள்தான் மிச்சம். நீளத்தைக் குறித்துக்கொண்டு, மிச்சமிருந்த வாலையும் வெட்டி, மீனைத் தண்ணீரிலேயே விட்டேன்.